நாய்க்கு யூரின் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? வீட்டிலேயே பிடிக்கும் வழி

"நாளைக்குக் காலையில யூரின் பிடிச்சுக் கொண்டு வாங்க" என்று டாக்டர் சொல்லிவிடுவார். நாமும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். வண்டியைக் கிளப்பும்போதுதான் உறைக்கும். மனுஷருக்கு என்றால் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பலாம். நாய்க்கு எப்படிப் பிடிப்பது?

எங்கள் வீட்டுச் செவலைக்குப் பதினோரு வயது. நாட்டு நாய், பொட்டை. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்துவிட்டதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய மூத்திரத்தைப் பிடித்துக் கொடுத்து வருகிறேன். அவளுக்கு முன்னால் கரியன் என்று ஒரு சிப்பிப்பாறைக் கடுவன் இருந்தான். இரண்டு பேரிடமும் பட்டுத் தெரிந்துகொண்டதைப் புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். பிடிக்கிற வேலை அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தின இரண்டு நாளும், பிடித்த பிறகு வருகிற ஒரு மணி நேரமும்தான் காரியத்தைக் கூட்டவோ கெடுக்கவோ செய்யும்.

அதற்கு முன் ஒரு விஷயம். நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்குகிறது, சொட்டுக்கூட வரவில்லை என்றால் சாம்பிளைப் பற்றி யோசிக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கல் போய் அடைத்திருக்கலாம். கடுவன் நாய்க்கு மூத்திரக் குழாய் குறுகலாக இருப்பதால் அதற்கு இது அதிகம் வரும், ஒரு நாள் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து. அதேபோல மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் வந்து, நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும். உண்ணி மூலம் வரும் காய்ச்சலில் ஒரு வகை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், அந்த நிறம்தான் மூத்திரத்தில் தெரியும். நம் பக்கத்தில் உண்ணிக்குப் பஞ்சமே இல்லை.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டியது

எதற்காக இந்த டெஸ்ட் என்று கேளுங்கள். சாதாரணப் பரிசோதனை என்றாலும், புரதம் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதென்றாலும், வீட்டில் பிடித்ததே போதும். என்ன கிருமி இருக்கிறது, அதை எந்த மருந்து கொல்லும் என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட் வேறு. வெளியே வரும்போது தோலிலும் முடியிலும் இருக்கிற கிருமியும் மூத்திரத்தோடு சேர்ந்துவிடும். அதனால் அதற்கு டாக்டரே வயிற்றின் வழியாக மூத்திரப்பையில் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பதுதான் நல்லது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் மெல்லிய ஊசிதான், பெரும்பாலான நாய்கள் அசைவதுகூட இல்லை. அப்படி எடுப்பதாக இருந்தால் அன்று காலையில் நாயை ஒண்ணுக்கு விடாமல் கூட்டிப் போக வேண்டும். பை காலியாக இருந்தால் ஊசிக்கு ஒன்றும் கிடைக்காது. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற முதல் கம்பத்திலேயே கரியன் முழுசையும் விட்டுவிட்டு உள்ளே வந்த நாள் உண்டு. அன்றைக்கு இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம்.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கையில் மிச்சம் இருக்கிற ஆன்டிபயாடிக்கை "எதுக்கும் ஒண்ணு போட்டு வைப்போம்" என்று சாம்பிளுக்கு முன்னால் கொடுத்துவிடவும் வேண்டாம். கல்ச்சரில் கிருமி வளராமல் போய்விடும், நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

எங்கே கொடுப்பது என்பதையும் அங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் சங்கரன்கோவில் ரோட்டில், ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்ப்பக்கத்துக் கால்நடை மருந்தகம் எல்லாவற்றிலும் மூத்திரம் பார்க்கிற வசதி இருக்காது. சிலர் மனுஷருக்குப் பார்க்கிற லேபில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டால் கொடுக்கலாம், ஆனால் நாயுடையது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். மருந்து தடவிய டெஸ்ட் பட்டையை மூத்திரத்தில் முக்கி நிறம் பார்க்கிற முறையில் வெள்ளையணுவும் அடர்த்தியும் நாய்க்குச் சரியாகக் காட்டாது. அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரிலும், அணுக்களை மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்தால்தான் டாக்டருக்கு உதவும். அந்த இரண்டும் பார்ப்பார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டப்பாவும் கரண்டியும்

டப்பாவில் சிக்கனம் பார்க்காதீர்கள். மெடிக்கலில் யூரின் கன்டெய்னர் என்று கேட்டால் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா சில ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று கை தவறி மண்ணில் விழும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் தடவை நான் வீட்டில் காலியாகக் கிடந்த தேன் பாட்டிலில் பிடித்துக் கொண்டு போனேன். வெந்நீரில் இரண்டு தடவை அலசியதுதான். ரிப்போர்ட்டில் சர்க்கரை இருக்கிறது என்று வந்தது. செவலைக்குச் சர்க்கரை வியாதியா என்று வீடே இடிந்து உட்கார்ந்துவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எந்த பாட்டில்ல கொண்டு வந்தீய?" என்று கேட்டார். தேன் பாட்டில் மூடியின் மரையில் ஒரு பிசுக்கு ஒட்டியிருந்தாலே போதும், பட்டையின் நிறம் மாறிவிடும். அதற்காகப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் அதுவும் தப்பு. அதன் மிச்சம் இருந்தால் இல்லாத சர்க்கரையும் இல்லாத ரத்தமும் இருப்பதாகக் காட்டும். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், மருந்து பாட்டில் எதுவும் வேண்டாம்.

நாயிடமிருந்து பிடிக்கிற பாத்திரம் வேறு. டப்பாவையே கையில் பிடித்துக்கொண்டு நாயின் வயிற்றுக்கடியில் நீட்டினால் பத்துக்கு ஒன்பது நாய் திரும்பிப் பார்த்து நிறுத்திவிடும். நீளமான காம்பு வேண்டும். கடுவனுக்குக் குழிவான எவர்சில்வர் குழம்புக் கரண்டி போதும். பொட்டை நாய் தரையோடு தரையாக உட்காரும், கரண்டி உள்ளே நுழையாது. அதற்கு விரல் உயரத்துக்குமேல் போகாத தட்டையான கிண்ணம், இல்லாவிட்டால் சின்னத் தூக்குவாளியின் மூடி சரியாக இருக்கும். நான் ஒரு மூடியைப் பனைமட்டையில் கட்டிவைத்திருக்கிறேன். காய்ந்த மட்டையில் இரண்டரை அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு ஓரத்துக் கருக்கையும் அரிவாளால் சீவிவிட்டு, கட்டுக்கம்பியால் இறுக்க வேண்டும். கருக்கைச் சீவாமல் விட்டால் கையைக் கிழிக்கும், இடித்தால் நாயையும் கிழிக்கும். வெறும் கம்பில் கட்டினாலும் சரிதான்.

சிரட்டை அகப்பை நீளமாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். சிரட்டையும் மரமும் பழைய எண்ணெயையும் குழம்பையும் குடித்து வைத்திருக்கும். எவர்சில்வரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, சோப்பின் வழுவழுப்பு போகும்வரை நிறைய தண்ணீரில் அலசி, கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் மூத்திரம் நீர்த்துப் போகும்.

கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரத்தில் இருக்கலாம், கையில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் அதன் வழியாக நமக்குள் வரலாம். ஐப்பசி கார்த்திகையில் வயலும் தெருவும் சொதசொதவென்று கிடக்கும்போது இந்தப் பயம் இன்னும் அதிகம். வயல்வெளியில் சுற்றுகிற நாய் என்றால் அந்தத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் பழக்கம்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். செவலை குட்டியாகத் தெருவில் கிடந்தவள். யார் கையில் கம்பைப் பார்த்தாலும் வாலைக் காலுக்கு இடையில் செருகிக்கொள்வாள். அடி வாங்கி வளர்ந்த நாய்க்கு, பின்னால் வருகிற மட்டையில் கட்டியிருப்பது மூடியா தடியா என்று தெரியாது. முதல் நாள் நான் மட்டையோடு போனபோது அவள் பகல் பதினோரு மணி வரைக்கும் அடக்கியே வைத்திருந்தாள். சுவரோடு ஒட்டி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. பிடித்தது போதும் என்று மட்டையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த நாள் முறையை மாற்றினேன். மட்டையை அவள் சோற்றுத்தட்டின் பக்கத்திலேயே தரையில் போட்டுவைத்தேன். மோந்து பார்த்தாள், தாண்டிப் போனாள், சாயங்காலம் அதன் மேலேயே தலைவைத்துப் படுத்துவிட்டாள். அப்புறம் நடக்கக் கூட்டிப்போகும்போது மட்டையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன், அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. அதற்கடுத்த நாள் அவள் உட்காரும்போது மூடியைப் பின்னால் ஒரு அடி தூரத்தில் தரையில் வைத்தேன். முடித்து எழுந்ததும் அவித்த முட்டையில் ஒரு துண்டு. மூன்றாம் தடவை மூடி காலுக்கருகில் வந்தபோதும் அவள் திரும்பவில்லை. டெஸ்ட் நாளைக்கே என்றால் இன்று சாயங்காலத்துக்குள் இதையே சுருக்கிச் செய்யுங்கள். தட்டுப் பக்கத்தில் வைப்பதும் கையில் கொண்டு நடப்பதுமாவது நடக்கட்டும்.

இந்த இரண்டு நாளில் நாய் எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாகத் திரும்பிப் போகிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாய்கள் ரொம்ப ஒழுங்கானவை. செவலை பொறவாசலைத் திறந்ததும் துவைகல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வாழைக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். கரியன் வேப்பமரத்தைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டான்.

தண்ணீர் நிறையக் குடிக்கிறது என்பதுதான் உங்கள் கவலை என்றால் அதையும் அளந்துவிடுங்கள். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் அது அதிகம். டாக்டருக்கு இந்த எண் டெஸ்டுக்குச் சமமான உதவி.

அந்தக் காலை

விடிந்து முதல் தடவை போவதுதான் வேண்டும். இரவு முழுக்கப் பையில் தங்கியதால் அது அடர்த்தியாக இருக்கும், சிறுநீரகம் தண்ணீரை எவ்வளவு நன்றாக மிச்சம் பிடிக்கிறது என்று அதில்தான் தெரியும். அடர்த்தி 1.030-க்கு மேல் இருந்தால் டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். வெளியே அவிழ்த்துவிட்டுப் பழகிய நாய் ராத்திரியிலேயே இரண்டு தடவை போய்விடும், அதனால் முதல் நாள் இரவு மட்டும் வீட்டுக்குள் தார்சாவில் (முன்கூடத்தில்) படுக்கப் போடுங்கள். படுக்கும் முன் ஒரு தடவை வெளியே விட்டுவிட வேண்டும். "அடர்த்தியா வரட்டும்" என்று ராத்திரி தண்ணீர்ச் சட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்த நாய்க்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பெரிய கெடுதல்.

அஞ்சரை மணிக்கு எழுந்து கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவின் மூடியைத் தளர்த்திச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் திருகிக்கொண்டு நிற்க முடியாது. பொமரேனியன் மாதிரி முடி அதிகமுள்ள நாய் என்றால் முதல் நாள் சாயங்காலமே அந்த இடத்து முடியைக் கொஞ்சம் கத்தரித்து, வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். டெட்டால் வேண்டாம். கடுவனுக்கு நுனியில் மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்திருக்கும், அது பெரும்பாலும் இயல்புதான், அதையும் துடைத்துவிடுங்கள். பொட்டை நாய் தீட்டில் இருந்தால் டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், அந்த ரத்தம் சாம்பிளில் கலந்துவிடும்.

கயிற்றை இரண்டு மூன்று அடிக்குமேல் விடாதீர்கள். முடிந்தால் கயிற்றைப் பிடிக்க இன்னொரு ஆள் இருக்கட்டும், நாய்க்குப் பிடித்த ஆளாக இருக்கட்டும். நீங்கள் பின்னால், பக்கவாட்டில் நில்லுங்கள். நாயின் கண்ணைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம், வாழையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

பொட்டை நாய் உட்கார்ந்ததும் நீட்டிவிடாதீர்கள். ஆரம்பிக்கட்டும். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, மூடியைத் தரையோடு உரசினாற்போல் பைய உள்ளே தள்ளுங்கள். முதலில் வருவது வழியைக் கழுவிக்கொண்டு வரும், அது மண்ணுக்குப் போகட்டும். நடுவில் வருவதுதான் நமக்கு. கடுவன் காலைத் தூக்குவது மரத்தின் பக்கமாக. அதனால் எதிர்ப்பக்கம் நின்றால் ஒன்றும் கிடைக்காது. பின்னாலிருந்து, மரத்துக்கும் நாய்க்கும் நடுவில் கரண்டியைக் கொண்டுபோக வேண்டும். முதல் மரத்தில்தான் நீளமாகப் போகும். அடுத்தடுத்த கம்பத்தில் எல்லாம் நாலு சொட்டு அடையாளம் வைப்பதுதான், அதை நம்பி முதலாவதை விட்டுவிடாதீர்கள்.

5 மில்லி கிடைத்தால் போதும், ஒரு டீஸ்பூன் அளவு. 10 மில்லி கிடைத்தால் இன்னும் நல்லது. நிறையப் பிடிக்க வேண்டும் என்று கரண்டியை ஆட்டினால் கையில் இருப்பதும் கொட்டும். மெதுவாக எடுத்து, நாய்க்கு முதலில் அதன் முட்டைத் துண்டைக் கொடுத்துவிட்டு, டப்பாவில் ஊற்றி இறுக்கி மூடுங்கள். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. மண்ணோ புல்லோ முடியோ விழுந்துவிட்டால் எடுத்து எறிந்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், இன்னொரு நாள் பிடியுங்கள்.

காலையில் தெருவில் யாராவது பார்த்து, "என்ன அண்ணாச்சி, கரண்டிய வச்சிக்கிட்டு நாய்க்குப் பின்னால போறீய?" என்று கேட்பார்கள். டெஸ்டுக்கு என்று சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவில் அப்படிக் கேட்ட ஒரு மைனி, போன வருஷம் அவர்கள் நாய்க்கு ரத்தமாகப் போனபோது முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

வயதான நாய், படுத்த இடத்திலேயே போய்விடுகிறது என்றால், துடைத்துக் காயவைத்த டைல்ஸ் தரையில் தேங்கியதை ஊசியில்லாத புது சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம். தரையிலிருந்து எடுத்தது என்று டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், கல்ச்சருக்கு அது ஆகாது. மண் தரையிலிருந்தும் சாக்கிலிருந்தும் பிழிந்து எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு மூன்று நாள் பார்த்தும் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். டாக்டர் ஊசியில் எடுத்துவிடுவார்.

வெயிலும் ஐஸும்

மூடியை இறுக்கியதும் மணியைப் பாருங்கள். டப்பாவின் மேல் நாயின் பெயர், உங்கள் பெயர், தேதி, பிடித்த நேரம். மூடியில் எழுதக்கூடாது, மூடி மாறிப் போகும்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்ந்துவிட்டால் அப்படியே கொடுக்கலாம். பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு அது முடியும். களக்காட்டிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பஸ் ஏறி வருபவர்களுக்கு முடியாது. சூட்டில் மூத்திரத்தில் இருக்கிற கிருமி பெருகிக்கொண்டே போகும். அதில் சில யூரியாவை அம்மோனியாவாக மாற்றி காரத்தைக் கூட்டிவிடும், சர்க்கரை இருந்தால் தின்றுவிடும். அணுக்கள் உடைந்துபோகும். வெயில் நேரடியாகப் பட்டால் மஞ்சள் காமாலையைக் காட்டுகிற பித்த நிறமியும் குறைந்துவிடும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் டப்பாவை வைத்துக் கொண்டுவருகிறார்கள். அங்கே என்ன சூடு இருக்கும் என்று சீட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள்.

டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கருப்பு நிறத் துணியிலோ பேப்பரிலோ சுற்றுங்கள். பழைய தூக்குவாளியில் ஐஸ் கட்டியைப் போட்டு, அதன்மேல் மடித்த துண்டை விரித்து, துண்டின் மேல் டப்பாவை நிமிர்த்தி வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, உறைந்தால் அணுக்கள் வெடித்துவிடும். உடனே கிளம்ப முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃபிரீஸரில் கூடாது. அப்படி வைத்தாலும் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடப் பாருங்கள். குளிரில் இருந்தது என்பதை லேபில் சொல்லுங்கள். அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்க வேண்டும், குளிரிலேயே சிலசமயம் உப்புப் படிகங்கள் புதிதாக உருவாகும், அதைப் பார்த்து நாய்க்குக் கல் இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது.

கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டும் சேர்த்துக் கொடுங்கள். எத்தனை மணிக்குப் பிடித்தது, ஐஸில் வந்ததா, என்ன மாத்திரை ஓடுகிறது, ஸ்டீராய்டு ஏதும் உண்டா, டிரிப்ஸ் ஏற்றினார்களா. ஸ்டீராய்டும் டிரிப்ஸும் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். சீட்டு இல்லாவிட்டால் டாக்டர் அதைச் சிறுநீரகத்தின் கணக்கில் எழுதிவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் கரண்டியையும் மூடியையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். காம்பில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு, பொறவாசலில் தனியாக ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள். அது இனிமேல் அடுக்களைக்குள் போகக்கூடாது. எங்கள் வீட்டு மட்டை மாட்டுகிற ஆணி, செவலையின் கயிறு தொங்குகிற ஆணிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் நான் மட்டையை எடுத்தால் நடக்கப் போகிறோம் என்று நினைத்து அவளே வாசலில் வந்து நிற்கிறாள்.